விறகு காய்ந்ததா, பச்சையா? மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஈரம் அளக்கும் வழி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் புதிதாக வீடு பிடித்தவர்களும் ஹோம்ஸ்டே தொடங்கியவர்களும் முதல் குளிர்காலத்தில் சொல்லும் புகார் ஒன்றுதான்: விறகு பற்றமாட்டேன் என்கிறது, பாய்லர் சூடாக நேரமாகிறது, வீடெல்லாம் புகை. ஆள் வைத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்வார்கள், அடுப்பைக்கூட மாற்றுவார்கள். பெரும்பாலும் கோளாறு இருப்பது விறகுக்குள் நிற்கும் தண்ணீரில். எனக்கும் "நல்லா காஞ்ச விறகு" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போன லோடு முக்கால்வாசி பச்சையாக இருந்தது. கையில் ஓர் அளவு இல்லாமல் விற்றவரிடம் போய்ப் பேசினால் பேச்சு எடுபடாது. அதற்குப் பிறகு மீட்டர், தராசு, ஓவன் என்று ஒவ்வொன்றாகப் பழகியதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கொடைக்கானல் பக்கத்துக்காரர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஈரம் என்பது புகை மட்டுமல்ல, நேராகப் பணம். இங்கே விறகு எடை போட்டுத்தான் வருகிறது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராக இருக்கும். அப்படி 1,000 கிலோ வாங்கினால் அதில் கட்டை 500 கிலோ, தண்ணீர் 500 கிலோ. அதே விறகு நன்றாகக் காய்ந்த பிறகு மொத்தம் 625 கிலோதான் நிற்கும். கிலோ 8 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், நீங்கள் கொடுத்த 8,000 ரூபாயில் 3,000 ரூபாய் ஆவியாகப் போகும் தண்ணீருக்கு. சூட்டுக் கணக்கும் இதே மாதிரிதான். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 14 மெகாஜூல் தரும். பாதி தண்ணீராக உள்ள பச்சை விறகு 8 அளவில் நின்றுவிடும். அதுவும் தீ நன்றாகப் பிடித்தால்தான்.

1. எந்தச் சதவீதம் என்பதை முதலில் தெளிந்துகொள்ளுங்கள்

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. ஒரே கட்டைக்கு இரண்டு விதமான ஈரச் சதவீதம் உண்டு.

ஒன்று, தண்ணீரின் எடையை முழுக்கக் காய்ந்த கட்டையின் எடையால் வகுப்பது. இது உலர் எடைக் கணக்கு. கடையில் கிடைக்கும் மீட்டர்கள் பெரும்பாலும் இதைத்தான் காட்டும். மற்றது, தண்ணீரின் எடையை ஈரத்தோடு உள்ள மொத்த எடையால் வகுப்பது. இது ஈர எடைக் கணக்கு. விறகுக்கும் பாய்லருக்கும் சொல்லப்படும் அளவுகள் பல இந்தக் கணக்கில் இருக்கும். மீட்டரில் 25 என்று வந்தால் ஈர எடைக் கணக்கில் அது 20. மீட்டர்க் கணக்கில் 100 என்றால் ஈர எடையில் 50. "இதென்ன, நூறு சதவீதம் தண்ணீரா?" என்று பயப்பட வேண்டாம், கட்டைக்குச் சமமான எடையில் தண்ணீர் இருக்கிறது என்றுதான் பொருள்.

மாற்றுவது எளிது: மீட்டர் எண்ணை, அதோடு நூறைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 30 வந்தால் 30-ஐ 130-ஆல் வகுக்கிறோம், 23 வரும். விற்பவரிடம் பேசும்போது எந்தக் கணக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர் ஒரு எண் சொல்வார், நீங்கள் ஒரு எண் சொல்வீர்கள், இரண்டும் சரியாகவே இருக்கும்.

2. லோடு சொல்லும் முன் பேப்பர்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். நீலகிரியில் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். "உங்க தோட்டத்து மரம்தானே சார், நானே வெட்டித் தர்றேன்" என்று ஆள் வருவார். அனுமதி இல்லாமல் வெட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் நிலத்துக்காரர். காற்றுக்கு விழுந்த மரமானாலும் வனச்சரக அலுவலகத்தில் சொல்லிக் கேட்டுவிட்டு அறுப்பது நல்லது. காப்புக்காட்டுக்குள் போய் விறகு எடுப்பது தனிக் குற்றம். அந்தப் பேச்சே வேண்டாம்.

வாங்கும் விறகுக்குக் கையில் இருக்க வேண்டியவை: கடையின் பில், எடைமேடைச் சீட்டு, அந்த மரத்துக்குக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு தேவையானால் அதன் நகல். எந்த மரத்துக்குச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைச் சரக அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பில்லில் மரத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். சீகையா (வாட்டில்), கற்பூர மரமா (யூகலிப்டஸ்), சில்வர் ஓக்கா என்று தெரிந்தால்தான் பின்னால் ஈரக் கணக்கும் சரியாக வரும். வெறும் "விறகு 1 லோடு" என்று எழுதிய பில் எதற்கும் உதவாது.

எடைமேடைச் சீட்டில் ஒரு விஷயம் பாருங்கள். வண்டி காலியாக நின்ற எடையும் விறகோடு நின்ற எடையும் ஒரே நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும். மழையில் நனைந்து வந்த லோடானால் அன்றைக்கு எடை போடாமல் தள்ளிவைப்பது உங்களுக்கு நல்லது.

3. வாங்க வேண்டிய கருவிகள்

ஈரப்பத மீட்டர்: இரண்டு ஊசி உள்ள சாதாரண மாடல் போதும். ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. விறகுக்காக இரண்டாயிரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஊசி இல்லாமல் மேலே வைத்து அளக்கும் மாடலை வாங்காதீர்கள். அது இழைத்த பலகைக்கு உரியது; கரடுமுரடான பிளவில் அடிப்பக்கம் முழுதாகப் படியாது, எண் தாறுமாறாக வரும். மர வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் நல்லது.

சமையலறை டிஜிட்டல் தராசு: ஒரு கிராம் சுத்தமாகக் காட்டினால் போதும்.

மாற்று பேட்டரி ஒன்று, கோடாலி அல்லது ஆப்பும் சுத்தியலும், ஒரு அங்குல ஆணிகள் கொஞ்சம், மார்க்கர் பேனா. ஓவன் வீட்டில் இருப்பதே போதும்.

4. மாதிரி எடுக்கும் விதம்

லோடு இறங்கும் முன் அளந்தால்தான் பேச வாய்ப்பு. இறக்கிக் கூலியும் கொடுத்த பிறகு யாரும் திருப்பி ஏற்றிப் போகமாட்டார்கள். போனில் விலை பேசும்போதே "இறக்குறதுக்கு முன்னாடி நாலஞ்சு கட்டையைப் பிளந்து பார்ப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் கடையில் வாங்காமல் இருப்பதே மேல்.

மேலே கிடக்கும் கட்டைகளைத் தொடாதீர்கள். வெயில் பட்டுக் காய்ந்தவை அவைதான், சில நேரம் அதற்காகவே மேலே அடுக்கப்பட்டவை. நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுங்கள். மெலிசில் ஒன்று, நடுத்தரத்தில் இரண்டு, பருமனில் இரண்டு என்று ஐந்து எடுத்தால் லோடின் நிலைமை தெரிந்துவிடும். பருமனானவைதான் உண்மையைச் சொல்லும்.

வெடிப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முனை விரிந்திருந்தால் காய்ந்தது என்பார்கள். மரம் முனை வழியாகத்தான் மிக வேகமாக ஈரத்தை விடும்; பக்கவாட்டில் விடுவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகம். அதனால் முனை வெடித்து வெளுத்திருக்கும்போதே நடுவில் பச்சை அப்படியே நிற்கும். இரண்டு கட்டைகளைத் தட்டி 'டங்' என்று கேட்டால் காய்ந்தது, 'தொப்' என்று கேட்டால் ஈரம் என்று இங்கே பெரியவர்கள் சொல்வது பெருமளவு சரி. ஆனால் அது பச்சையை ஒதுக்க உதவுமே தவிர, 20-க்கும் 28-க்கும் வித்தியாசம் சொல்லாது.

5. பிளந்து, உள்முகத்தில் குத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: மீட்டரை வெளியே வைத்து எடுத்த எண் எண்ணே அல்ல. பட்டைமேலும் பழைய வெட்டுமுகத்திலும் காட்டுவது நேற்றைய வெயிலையோ இன்றைய மூடுபனியையோதான்.

கட்டையை நெடுக்காகப் பிளங்கள். பிளந்த கையோடு, புதிதாகத் தெரியும் உள்முகத்தில், நீளத்தின் நடுவில் ஊசிகளை வையுங்கள். நார் ஓடும் திசையிலேயே இரண்டு ஊசியும் வரிசையாக இருக்க வேண்டும். நாருக்குக் குறுக்காக வேண்டாம். ஊசி நுனி மட்டும் பட்டால் போதாது, அழுத்திக் குத்தி எண் நிலைக்கும் வரை பிடியுங்கள். நடுவில் ஒன்று, இரு முனையிலிருந்தும் ஒரு சாண் உள்ளே ஒவ்வொன்று என்று மூன்று இடம். முடிச்சு, வெடிப்பு, பிசின் கசியும் இடம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மூன்றில் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி போட வேண்டாம். புகையை உண்டாக்குவது அந்த ஈரமான பகுதிதான்.

காய்ந்த கற்பூரக் கட்டையில் ஊசி இறங்காது. மீட்டரைச் சுத்தியலால் தட்டினால் ஊசி வளையும், உள்ளே இருக்கும் போர்டும் போகும். ஊசிகளுக்கு இடையே உள்ள அதே தூரத்தில் இரண்டு சின்ன ஆணிகளை ஒரே ஆழத்துக்கு அடித்து, ஆணித் தலைகளில் மீட்டர் ஊசிகளைத் தொடுங்கள். ஆணி துருப்பிடிக்காததாக இருக்கட்டும். மரத்துக்குள் இன்னும் ஆழத்திலும் இப்படி அளக்க முடியும்.

முக்கியமான எல்லை ஒன்று உண்டு. மீட்டர் நம்பகமாக இருப்பது ஏறக்குறைய 30 வரைதான். அதற்கு மேல் மரத்தின் செல்களுக்குள்ளேயே தண்ணீர் தனியாக நிற்கிறது. மின்தடையை வைத்து அதை மீட்டரால் சரியாகப் பிரித்தறிய முடியாது. 42, 57 என்றெல்லாம் திரையில் வந்தால் "பச்சை" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களை வைத்து விலை பேச வேண்டாம்; அதற்கு ஓவன்.

6. குளிரும் மூடுபனியும் செய்யும் வேலை

சமவெளியில் எழுதிய குறிப்புகளில் இது இருக்காது. மீட்டர்கள் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சரிசெய்யப்பட்டவை. கட்டை குளிர்ந்திருந்தால் அதன் மின்தடை கூடும், மீட்டர் ஈரத்தைக் குறைத்துக் காட்டும். ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழுந்த காலையில் வெளியே கிடந்த கட்டையை அளந்தால் உண்மையைவிட ஒன்றிரண்டு புள்ளி குறைவாகவே வரும். லோடும் அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும். அதனால் காலை ஏழு மணிக்கு 24 என்று வந்தால் 25, 26 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை என்றால் பிளந்த மாதிரியை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்குள் சில மணிநேரம் வைத்துவிட்டு அளங்கள்.

மூடுபனி இதற்கு நேர்மாறு. பிளந்த முகத்தை வெளியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அதன்மேல் ஈரம் படியும், எண் ஏறிவிடும். பிளந்ததும் அளந்துவிட வேண்டும்.

மர வகையும் எண்ணை மாற்றும். மலிவு மீட்டரில் உள்ள அட்டவணை பெரும்பாலும் வெளிநாட்டு மரங்களுக்கானது. சீகை, கற்பூரம், சில்வர் ஓக், சைப்ரஸ் எதற்கும் தனி எண் இருக்காது. வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் சைப்ரஸ், பைனுக்கு மென்மரம், மற்றவற்றுக்குக் கடினமரம் என்று வையுங்கள். பிறகு நீங்கள் வாங்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒருமுறை ஓவன் சோதனை செய்து, உங்கள் மீட்டர் எத்தனை புள்ளி கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று மீட்டரின் பின்பக்கமே எழுதி ஒட்டிவிடுங்கள்.

7. ஓவனில் சரிபார்ப்பது

சந்தேகத்துக்கு இடமில்லாத அளவு இது ஒன்றுதான். கட்டையின் நடுவிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் ஒரு வில்லை அறுத்து எடுங்கள். முனையிலிருந்து ஒரு சாணாவது உள்ளே இருக்க வேண்டும். அறுத்த உடனே எடை போடுங்கள். ஒரு மணிநேரம் கிடந்தால்கூட எடை மாறிவிடும். உடனே முடியாது என்றால் காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள். வில்லைமேல் பேனாவால் எடையை எழுதிவிடுங்கள்.

ஓவனை 103 டிகிரி அளவில் வையுங்கள். முள் துல்லியமாக நிற்காத ஓவனில் 100-க்கும் 105-க்கும் இடையே. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். அதற்காக ஓவன் சூட்டைக் குறைக்க வேண்டாம், கணக்கு அதே 103-க்குத்தான். முழு வில்லை காய ஓர் இரவு ஆகலாம்; சின்னச் சிம்புகளாக உடைத்துப் போட்டால் சில மணிநேரம். உடைக்கும்போது விழும் தூளையும் சேர்த்தே எடை போடுங்கள். ஒரு மணிநேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்த எடை மாறாமல் நின்றால் முடிந்தது. நடுவில் கரண்ட் போனால் கவலை வேண்டாம், வந்ததும் தொடருங்கள். கடைசி எடை மட்டுமே முக்கியம்.

ஓர் உதாரணம். அறுத்ததும் 212 கிராம், காய்ந்ததும் 148 கிராம். போன தண்ணீர் 64 கிராம். 64-ஐ 148-ஆல் வகுத்தால் 43 சதவீதம். மீட்டர் காட்ட வேண்டிய கணக்கு இது. 64-ஐ 212-ஆல் வகுத்தால் 30 சதவீதம். நீங்கள் எடைக்குக் கொடுத்த பணத்தில் தண்ணீரின் பங்கு இது. விற்பவரிடம் காட்ட வேண்டியது இந்த இரண்டாவது எண். "கிலோவுக்கு முந்நூறு கிராம் தண்ணி அண்ணா" என்று சொன்னால் யாருக்கும் புரியும். ஒரு வில்லையை அவர் முன்னாலேயே எடை போட்டு, காய்ந்த பிறகு அதையே கொண்டுபோய்க் காட்டினால் அடுத்த லோடுக்கு விலை குறையும், அல்லது நல்ல விறகு வரும்.

மைக்ரோவேவிலும் செய்யலாம். சிம்புகளாக்கி, குறைந்த பவரில், ஒவ்வொரு நிமிடமாக ஓடவிட்டு எடை பாருங்கள். நடுவில் விட்டுவிட்டு நகராதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே கருகித் தீப்பிடிக்கும்.

8. எண்ணை வைத்து என்ன செய்வது

மீட்டர்க் கணக்கில் சொல்கிறேன். 20-க்குக் கீழே: ஃபயர்பிளேஸுக்கும் பாய்லருக்கும் அருமையான விறகு. 20 முதல் 25 வரை: எரிக்கலாம், பற்றவைக்கும் சிம்பு மட்டும் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். 25-க்கு மேல் 30 வரை: அடுக்கிக் காயவிடுங்கள். அதற்கு மேல் பச்சை. பச்சை விலைக்குத்தான் வாங்க வேண்டும். பச்சை விறகை வேண்டுமென்றே வாங்குவதும் தப்பில்லை, இடமும் நேரமும் இருந்தால் அதுதான் லாபம்.

ஈர விறகைக் கட்டாயப்படுத்தி எரித்தால் புகைபோக்கிக்குள் கருப்பாகப் பிசின் படியும். அது ஒருநாள் தீப்பிடிக்கும். வீட்டுக்குள் புகை வருகிறதே என்று விறகை விட்டு, அறைக்குள் கரி அடுப்பைக் கொண்டுவந்து கதவைச் சாத்திப் படுப்பவர்கள் உண்டு. இந்த மலைகளில் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். கரி புகையாது, ஆனால் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. விருந்தினர் கேட்டாலும் அறைக்குள் கரி கொடுக்காதீர்கள்.

9. எப்போது வாங்குவது, எப்போது மறுபடி அளப்பது

இங்கே காயவைக்கக் கிடைக்கும் நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. கோடை மழைக்கு இடையே ஏப்ரல், மே. ஊட்டிக்கு மேற்கே, கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்கு மழை நனைத்துவிடும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. கொடைக்கானலிலும் அந்த மாதங்கள் கனத்தவை. ஆகவே பச்சையாக வாங்குவதானால் டிசம்பர் கடைசியில் வாங்கி, உடனே பிளந்து அடுக்குங்கள். சீகையில் கைப்பருமன் பிளவுகள் அந்தக் கோடையிலேயே தேறிவிடும். பட்டை உரித்திருந்தால் இன்னும் சீக்கிரம். கற்பூரம் பருமனாக இருந்தால் அடுத்த வருஷத்துக்கு என்று ஒதுக்குங்கள். கற்பூர மரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். நார் பின்னிக்கிடப்பதால், காய்ந்த பிறகு கோடாலி துள்ளும், பிளக்கும் கூலியும் ஏறும். கவாத்து வெட்டிய தேயிலை மிளார் கிடைத்தால் விடாதீர்கள். மெலிசாக இருப்பதால் முதலில் காய்வது அதுதான், பற்றவைக்க நன்றாக உதவும்.

தரையில் அடுக்க வேண்டாம், கல்லோ கட்டையோ போட்டு ஒரு சாண் உயர்த்துங்கள். மேலே தகரம், பக்கங்கள் திறந்து. தார்ப்பாயால் முழுதாகப் போர்த்துபவர்கள்தான் அதிகம்; உள்ளே வேர்த்து, பூஞ்சை பிடித்து, ஆறு மாதம் கழித்தும் அதே எண் வரும்.

மழைக்காலத்தில் மீட்டர் 18, 20-இல் நின்றுவிட்டது என்று கவலைப்படாதீர்கள். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் மரம் 16-இல் நிற்கும், 90 சதவீதமானால் 20-ஐத் தொடும். அந்த வாரங்களில் வெளியே எத்தனை நாள் வைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. எரிக்கப் போகும் விறகை இரண்டு மூன்று நாள் முன்பே வீட்டுக்குள், அடுப்பிலிருந்து தள்ளி, கொண்டுவந்து வைத்தால் மேல்பகுதியாவது உலர்ந்து சட்டென்று பற்றும்.

ஒவ்வொரு மாதமும் பிளந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுக்கும் நாளிலேயே மூன்று கட்டைகளுக்கு எண் போட்டு, எடையைக் கட்டைமேலேயே எழுதி, அடுக்கின் நடுவில் கைக்கு எட்டும் இடத்தில் செருகிவையுங்கள். மாதம் ஒருமுறை உருவி எடை போட்டு, தேதியோடு பழைய எடைக்குக் கீழே எழுதுங்கள். மழை இல்லாத மாதத்தில் எடை இறங்குவது நின்றபின் ஒன்றை மட்டும் பிளந்து மீட்டர் வையுங்கள். 20-க்குக் கீழே வந்திருந்தால் அந்த அடுக்கை எடுத்து எரிக்கத் தொடங்கலாம்.